ஷாஃப்ட் தேய்மானமா, வேறு கசிவா? சிறிய மாடல் எஞ்சின்களில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

சித்திரை முடியும் தறுவாயில், கத்திரி வெயில் ஏறுகிற வாரத்தில், சத்துவாச்சாரியில் உள்ள என் வீட்டுத் திண்ணைக்கு ஒரே வியாதியோடு மாடல் விமான எஞ்சின்கள் வந்து சேரும். காலையில் காட்பாடிப் பக்கம் பாலாற்று மணல்வெளியில் முதல் இரண்டு தடவை நன்றாகப் பறந்திருக்கும். மூன்றாவது தடவை மேலே போனதும் சுருதி இறங்கி, இருமி, நின்றுவிட்டிருக்கும். கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். "சார், ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது, புது புஷ் போட்டுத் தாருங்கள்" என்று நோயையும் மருந்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் முப்பது ஆண்டு டூல் ரூமில் வேலை பார்த்தவன் நான். அந்தப் பழக்கத்தில் ஒருமுறை மாணவன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். 6.5 சிசி குளோ எஞ்சின், அதாவது மின்பொறி இல்லாமல் பிளக்கின் சூடான கம்பிச் சுருளால் எரிபொருளைப் பற்றவைக்கும் வகை. ஷாஃப்ட் சுழலும் உலோக உறையான பழைய புஷ்ஷை வெளியே தள்ளி, கன்மெட்டல் வெண்கலத்தில் புதிது கடைந்து, ரீமரால் துளையை அளவுக்குச் செதுக்கி, இரண்டு நாள் உழைத்துப் பொருத்தினேன். எஞ்சின் பழையபடியே இருமியது. கார்புரேட்டரின் கழுத்தில் இருக்கும் ஓரிங் என்ற சின்ன ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. அதை மாற்ற ஐந்து நிமிடம் போதும். பழைய புஷ்ஷை அதன் பிறகுதான் அளந்து பார்த்தேன். அது இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்கும்.

அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். மலிவான கசிவுகளை முதலில் தேட வேண்டும், ஷாஃப்டைக் கடைசியில் சந்தேகிக்க வேண்டும். சோதனையைச் சூட்டில் ஒருமுறையாவது செய்ய வேண்டும். ஆறிய எஞ்சின் எல்லாக் குறைகளையும் மறைத்துவிடும்.

முதலில், எது எதை அடைக்கிறது

இந்த வகை டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஷாஃப்டுக்கு இரண்டு வேலை. புரொப்பெல்லரைச் சுழற்றுவது ஒன்று. இன்னொன்று, வால்வாக இருப்பது. ஷாஃப்ட் உள்ளே குழாயாகக் குடையப்பட்டிருக்கும், பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெட்டியிருக்கும். அந்த ஜன்னல் கார்புரேட்டருக்கு நேரே வரும்போது எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவை ஷாஃப்டுக்குள் நுழைந்து, பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்கேஸ் அறைக்குப் போகிறது. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்கேஸில் உறிஞ்சல், கீழே வரும்போது அழுத்தம். நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் இந்த மூச்சு நொடிக்கு இருநூறு தடவை.

ஷாஃப்டைச் சுற்றி ரப்பர் சீல் எதுவும் இல்லை. அடைப்பது எண்ணெய்ப் படலம் மட்டுமே. குளோ எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முன் பேரிங்கில் ரப்பர் மூடி இருப்பதைப் பார்த்து அதுதான் காற்றை அடைக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தூசியைத் தடுக்கத்தான். காற்றைத் தடுப்பது ஷாஃப்டுக்கும் அது அமர்ந்திருக்கும் துளைக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியும் அதில் நிற்கும் விளக்கெண்ணெயும்.

10 மில்லிமீட்டர் ஷாஃப்ட், வெண்கல புஷ் என்றால் விட்டத்தில் 20 முதல் 25 மைக்ரான் இடைவெளி நல்லது. தலைமுடி ஒன்றின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 50 மைக்ரானைத் தாண்டினால் நான் புஷ்ஷை மாற்றிவிடுவேன். ஏனென்றால் இடைவெளி இரு மடங்கானால் கசிவு இரு மடங்கு ஆவதில்லை, ஏறத்தாழ எட்டு மடங்கு ஆகிறது. மெல்லிய சந்து வழியே கசியும் காற்று சந்தின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும்.

அறிகுறி: புரொப்பெல்லருக்குப் பின்னால் எண்ணெய் வழிகிறது

இதைப் பார்த்ததும் பலர் பயந்துவிடுகிறார்கள். புஷ் வைத்த எஞ்சினில் முன்பக்கம் மெல்லிய ஈரம் இருக்கத்தான் வேண்டும். அந்த ஈரம் வந்தால்தான் புஷ்ஷின் முன்முனைக்கு எண்ணெய் எட்டுகிறது என்று பொருள். சுத்தமாக உலர்ந்திருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

ஒரு டேங்க் எரிபொருள் தீர்ந்த பின் முன்மூக்கைத் துணியால் துடைத்துப் பாருங்கள். விரல் நுனியில் பளபளப்பு ஒட்டினால் சரி. சொட்டுச் சொட்டாக விழுந்து, விமானத்தின் மூக்கெல்லாம் நனைந்து, கூடவே எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வை வழக்கத்தைவிடக் கால் சுற்று, அரைச் சுற்று கூடுதலாகத் திறக்க வேண்டியிருந்தால் அது நோய்.

வெளியே வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் எஞ்சினைக் கெடுப்பது அதுவல்ல. பிஸ்டன் மேலே போகும் ஒவ்வொரு தடவையும் அதே சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. கார்புரேட்டர் அளந்து கொடுத்த கலவையில் கணக்கில் வராத காற்று சேர்கிறது. கலவை மெலிகிறது, எண்ணெயின் பங்கு குறைகிறது, சூடு ஏறுகிறது, சந்து இன்னும் விரிகிறது. பாலாற்றின் ஓரம் ஓட்டினால் அந்தக் காற்றோடு மணல் தூளும் சேர்ந்து போகும்.

எண்ணெயின் நிறத்தையும் பாருங்கள். வெள்ளைத் துணியில் துடைத்தால் மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால் வெண்கலம் தேய்கிறது. சாம்பல் நிறம் என்றால் அலுமினியமோ எஃகோ தேய்கிறது. வெறும் கருப்பு பெரும்பாலும் கருகிய எண்ணெய்தான்.

அறிகுறி: கார்புரேட்டர் வாயை விரலால் அடைத்துச் சுழற்றினாலும் எரிபொருள் ஏறவில்லை

குளோ பிளக்கின் மின்இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். கார்புரேட்டரின் காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டிலை முழுக்கத் திறந்து, வாயை விரலால் மூடி, புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றினால் இரண்டு மூன்று சுற்றிலேயே எரிபொருள் குழாயில் முன்னேறி வர வேண்டும். வரவில்லை என்றால் உறிஞ்சல் எங்கோ கசிகிறது.

தேடும் வரிசை இது. முதலில் எரிபொருள் குழாய்: ஊசிமுனை அளவு ஓட்டை போதும். குழாயின் ஒரு முனையை மடித்துப் பிடித்து, மறுமுனையில் ஊதி, தண்ணீரில் அமுக்குங்கள். டேங்குக்குள் எடையோடு தொங்கும் குழாயையும் மறக்க வேண்டாம். அது மடிப்பில் கிழிந்திருந்தால் மூக்கு மேலே தூக்கும்போது மட்டும் காற்றை இழுத்து, ஷாஃப்ட் நோய்போலவே நடிக்கும். அடுத்து சைலன்சரிலிருந்து டேங்குக்கு வரும் அழுத்தக் குழாய். பிறகு ஊசி வால்வின் ஓரிங், கார்புரேட்டர் கழுத்தின் ஓரிங். பிறகு கிராங்கேஸின் பின்மூடியான பேக்பிளேட்டின் நான்கு திருகும் அதன் கேஸ்கெட்டும்.

பேக்பிளேட் கேஸ்கெட் கிழிந்திருந்தால் பழைய அஞ்சலட்டையை வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம், அது தடிமன் அதிகம். பழைய கேஸ்கெட்டின் தடிமனை அளந்து அதற்கு ஈடான காகிதத்தை எண்ணெயில் ஊறவைத்து வெட்டுங்கள். கிராங்கேஸின் உள்ளளவு கூடினால் அழுத்தம் குறையும்.

இத்தனையும் சரியாக இருந்து, ஆறிய நிலையிலும் எரிபொருள் ஏறவில்லை என்றால் ஷாஃப்டைச் சந்தேகிக்கலாம். ஒரு துளி கெட்டி எண்ணெயை ஷாஃப்டின் முன்மூக்கில் விட்டு மறுபடி சுழற்றுங்கள். உடனே உறிஞ்சல் வந்துவிட்டால் கசிவு அங்கேதான்.

அறிகுறி: ஆறியிருக்கும்போது நன்றாக ஓடுகிறது, சூடானதும் இறங்குகிறது

மே மாதத்தில் என்னிடம் வருவதில் அதிகம் இதுதான். வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில் இது ஏன் பெருகுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கிராங்கேஸ் அலுமினியம், ஷாஃப்ட் எஃகு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 10 மில்லிமீட்டர் ஷாஃப்ட் நேரே அலுமினியத் துளையில் ஓடுகிறது, சூடு 60 டிகிரி கூடுகிறது என்றால் இடைவெளி சுமார் 7 மைக்ரான் அதிகமாகும். 20 மைக்ரான் இருந்தது 27 ஆகிவிடும். கேட்க அற்பமாக இருக்கிறது. மும்மடிக் கணக்கில் பார்த்தால் கசிவு இரண்டரை மடங்கு. நடுவில் வெண்கல புஷ் இருந்தால் இது கொஞ்சம் குறையும். அதோடு எண்ணெய் சூட்டில் நீர்த்துப்போகிறது, சந்தில் நின்று அடைக்க அதற்கு வலுவில்லை. ஷாஃப்டின் உள்ளே குளிர்ந்த கலவை ஓடிக்கொண்டே இருப்பதால் எஃகு அலுமினியத்தின் அளவுக்குச் சூடேறுவதும் இல்லை. புது எஞ்சின் இதையெல்லாம் தாங்கும். ஏற்கெனவே 40 மைக்ரானுக்குத் தேய்ந்தது தாங்காது.

ஆனால் சூட்டில் இறங்குவதற்குப் பிஸ்டனும் காரணமாகலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, எஞ்சின் சோர்ந்து நின்ற அதே நிமிடத்தில் சோதிப்பது. பிளக் இணைப்பைக் கழற்றி, தடித்த கையுறை போட்டு, புரொப்பெல்லரைச் சுற்றுங்கள். பிஸ்டன் மேலே எட்டும் இடத்தில் துள்ளித் திருப்பி அடிக்கிறதா? அடித்தால் பிஸ்டனும் சிலிண்டரும் நலம். இப்போது வாயை மூடி எரிபொருள் ஏறுகிறதா என்று பாருங்கள். துள்ளல் இருக்கிறது, உறிஞ்சல் இல்லை என்றால் ஷாஃப்ட் அல்லது பேக்பிளேட். துள்ளலே இல்லை என்றால் சிலிண்டர், ஹெட் கேஸ்கெட், பிளக்கின் செம்பு வாஷர் ஆகியவற்றைப் பாருங்கள். எஞ்சின் ஆறிவிட்டால் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. களத்திலேயே செய்துவிட வேண்டும்.

பித்தளைச் சிலிண்டரில் குரோம் பூசி, அலுமினிய பிஸ்டன் போட்ட எஞ்சின்கள் ஆறியிருக்கும்போது மேல்முனையில் கெட்டியாகப் பிடிக்கும். சிலிண்டர் மேலே போகப்போகக் குறுகும்படி கடையப்பட்டிருக்கிறது. சூடானால்தான் சரியான அளவுக்கு வரும். அந்தப் பிடிப்பு குறை அல்ல. அதைத் தேய்த்து எளிதாக்கியவர்கள் எஞ்சினையே இழந்திருக்கிறார்கள்.

இரத்த அழுத்தக் கருவியால் ஒரு சோதனை

இங்கே கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும், எனக்கு இதைவிட நம்பிக்கையான சோதனை வேறில்லை. பெரிய மருத்துவமனை இருக்கும் ஊர் என்பதால் வேலூரில் மருத்துவ உபகரணக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. முள் காட்டும் இரத்த அழுத்தக் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பழையது கிடைத்தாலும் போதும். கைப்பட்டை வேண்டாம், பந்து, அளவி, குழாய் மூன்றும் போதும்.

எரிந்துபோன குளோ பிளக் ஒன்றின் நடுவை இடித்து எடுத்துவிட்டு, அதில் சின்ன பித்தளைக் குழாயைப் பற்றவையுங்கள். எஞ்சினின் பிளக் துளையில் இதை வாஷரோடு திருகி, அழுத்தக் கருவியின் குழாயை மாட்டுங்கள். பிஸ்டனைக் கீழ்முனைக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில், கலவை கிராங்கேஸிலிருந்து சிலிண்டருக்கு ஏறும் டிரான்ஸ்பர் வழிகள் திறந்திருப்பதால் சிலிண்டரும் கிராங்கேஸும் ஒரே அறை ஆகிவிடும். எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் தகடு வைத்துப் பட்டைபோட்டு இறுக்குங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, அதன் துளையையும் ரப்பர் கார்க்கால் அடையுங்கள். ஷாஃப்டின் முன்மூக்கில் இரண்டு துளி எண்ணெய் விட்டு ஒரு சுற்றுச் சுற்றிக் கீழ்முனைக்கே திரும்புங்கள்.

பந்தை அமுக்கி 200 மில்லிமீட்டருக்கு ஏற்றுங்கள். முள் 200லிருந்து 100க்கு இறங்க எத்தனை நொடி என்று எண்ணுங்கள். என்னிடம் உள்ள நல்ல 6.5 சிசி எஞ்சின்களில் பத்து நொடிக்குக் குறைந்ததில்லை. தேய்ந்தவற்றில் இரண்டு, மூன்று நொடியில் முள் விழுந்துவிடும். உங்கள் குழாயின் நீளம், எஞ்சினின் அளவு இவற்றைப் பொறுத்து எண் மாறும். அதனால் எஞ்சின் புதிதாக இருக்கும்போதே ஒருமுறை சோதித்து எழுதிவையுங்கள். பிறகு ஒப்பிட வேறெதுவும் தேவையில்லை.

முள் வேகமாக விழுந்தால் எங்கே போகிறது? எவர்சில்வர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, அழுத்தம் ஏற்றிய நிலையிலேயே எஞ்சினை அதில் அமிழ்த்துங்கள். தண்ணீர் கூடாது, பேரிங் துருப்பிடிக்கும். குமிழ் எங்கிருந்து வருகிறதோ அதுதான் இடம். பேக்பிளேட் விளிம்பில் சரம் சரமாக வரும். ஹெட்டின் அடியில் வந்தால் திருகுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்க வேண்டும். ஷாஃப்டின் முன்னால் ஒன்றிரண்டு குமிழ் மெதுவாக வந்தால் இயல்பு, கொதிப்பதுபோல் வந்தால் தேய்மானம்.

இன்னொரு நுணுக்கம். கார்புரேட்டர் துளையின் கார்க்கை எடுத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். கார்க் இருக்கும்போது பத்து நொடி, இல்லாதபோது மூன்று நொடி என்றால் ஷாஃப்டின் பின்பகுதியில், கிராங்கேஸுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கசிகிறது. அப்படிப்பட்ட எஞ்சினில் மெதுவான ஓட்டத்தில் கார்புரேட்டர் வாயிலிருந்து எரிபொருள் புகைபோலத் துப்பும். முன்மூக்கு உலர்ந்திருப்பதால் பலர் ஷாஃப்டைக் குற்றமற்றது என்று விட்டுவிடுவார்கள்.

அறிகுறி: மெதுவான ஓட்டம் நிலைக்கவில்லை

2,500 சுற்றில் நிற்க வேண்டியது தானாக ஏறுகிறது, இறங்குகிறது, திராட்டிலைத் திறந்தால் திக்குகிறது. மெதுவான ஓட்டத்தில் எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம், அதனால் சின்னக் கசிவும் பெரிய பங்காகிவிடும். கார்புரேட்டர் கழுத்தைச் சுற்றி ஒரு துளி எண்ணெய் விடுங்கள். சுழலும் புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்று நீண்ட துளிக்குழாயால் விட வேண்டும். எண்ணெய் உள்ளே இழுபட்டு ஓட்டத்தின் சத்தம் மாறினால் ஓரிங். மாறாவிட்டால் எஞ்சினை நிறுத்தி, ஷாஃப்டின் முன்மூக்கில் கெட்டி கிரீஸை அப்பி, மறுபடி ஓட்டுங்கள். ஒரு நிமிடமாவது ஓட்டம் நிலைத்து, கிரீஸ் தெறித்துப்போனதும் பழையபடி ஆடினால் சந்தேகமே வேண்டாம். கிரீஸ் சோதனைக்கு மட்டும்தான், மருந்தாக வைத்துக்கொள்ளக் கூடாது.

அறிகுறி: ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது

முன்னும் பின்னும் நகர்வது வேறு, மேலும் கீழும் ஆடுவது வேறு. முன்பின் நகர்வு கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். அது அறவே இல்லை என்றால் சூட்டில் பிடித்துக்கொள்ளும். மேல்கீழ் ஆட்டத்தை டயல் கேஜால் அளந்து பாருங்கள். எஞ்சினை மர வைஸில் பிடித்து, கேஜின் முனையை ஷாஃப்டின்மேல், புஷ்ஷுக்கு மிக அருகில் வையுங்கள். தள்ளிவைத்தால் நெம்புகோல்போல ஆட்டம் பெரிதாகத் தெரிந்து பயமுறுத்தும். எண்ணெயைக் கழுவிவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

பிரித்த பிறகு தேய்மானம் எங்கே என்று பார்த்தால் காரணம் கிடைத்துவிடும். எரிப்பின் அடி ஷாஃப்டின் பின்முனையைக் கீழே தள்ளுகிறது. அதனால் முன்முனை மேலே எழும்புகிறது. புஷ்ஷில் பின்னால் அடிப்பக்கம், முன்னால் மேல்பக்கம் தேய்ந்திருந்தால் அது வயதின் தேய்மானம். மின்சார ஸ்டார்ட்டரை ஓங்கி அழுத்துகிறவர்களின் எஞ்சினில் முன்வாய் புனல்போல விரிந்திருக்கும்.

ஷாஃப்ட் ஒரே பக்கம் தேய்ந்து, புஷ் சுற்றிலும் சமமாகத் தேய்ந்திருந்தால்? அங்கே நின்று யோசிக்க வேண்டும். ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் ஒரு பாரம் எப்போதும் ஷாஃப்டின் ஒரே பக்கத்தை புஷ்ஷில் அழுத்தியிருக்கிறது. அது எடை சமமில்லாத புரொப்பெல்லர். நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரே ஒரு கிராம் கூடுதல் இருந்தால், 12,000 சுற்றில் அது ஷாஃப்டை ஏறத்தாழ 16 கிலோ பாரத்தோடு இழுக்கும். தரையில் மூக்குக் குத்தி ஓரம் உடைந்த புரொப்பெல்லரை உப்புத்தாள் போட்டுச் சமன் செய்யாமல் அப்படியே ஓட்டும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். அங்கே புது புஷ் மட்டும் போட்டால் மூன்றே மாதத்தில் திரும்பி வரும்.

மூன்றாவது வகை நம் ஊருக்கே உரியது. ஷாஃப்ட் சுற்றிலும் மெல்லிய வளையங்களாகக் கீறி, புஷ் மட்டும் பார்க்க நன்றாக இருக்கும். பாலாற்று மணலில் உள்ள குவார்ட்ஸ் கடினப்படுத்திய எஃகைவிடக் கடினம். மணல் தூள் மென்மையான வெண்கலத்தில் பதிந்து, அசையாமல் உட்கார்ந்து, தன்மேல் உரசும் எஃகை அறுக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெண்கலத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும். இங்கே குற்றவாளி புஷ், அடிபட்டது ஷாஃப்ட். இரண்டையும் மாற்ற வேண்டும். சுற்றுக் கீறலைவிட நீளவாக்கில், முன்னும் பின்னுமாகப் போகும் ஒரே ஒரு கீறல் அதிகம் கசியும். அது காற்றுக்குப் போட்ட வாய்க்கால்.

புஷ் கடைவதற்கு லேத் பட்டறையில் கொடுத்தால் அளவை எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்ல வேண்டாம். ஷாஃப்டையும் கூடவே கொடுங்கள். "அண்ணா, உள்ளளவை ஷாஃப்டுக்குப் பார்த்து ரீமர் போடுங்கள், புஷ்ஷை அமுக்கிய பிறகு போடுங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமுக்கும்போது புஷ்ஷின் துளை சுருங்கும். முன்னாலேயே அளவெடுத்தால் ஷாஃப்ட் நுழையாது. நுழைய வைப்பதற்காகத் தேய்ப்பு பேஸ்டைப் போட்டுச் சுழற்ற விடாதீர்கள். அந்தத் துகளும் மணலைப்போலவே வெண்கலத்தில் பதிந்துகொள்ளும்.

அறிகுறி: கையால் சுற்றினால் கரகரப்பு

பால் பேரிங் வைத்த எஞ்சினில் வருவது. குளோ எரிபொருளில் உள்ள மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். எரிந்த மிச்சம் அமிலமாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எஞ்சினை அப்படியே பெட்டியில் வைத்துவிட்டுத் தை மாதம் எடுத்தால் பேரிங் துருவேறி நிற்கும். ஓட்டி முடித்ததும் மீந்த எரிபொருளை எரித்துத் தீர்த்துவிட்டு, கார்புரேட்டர் வாயில் நல்ல இயந்திர எண்ணெய் சில துளி விட்டுச் சுற்றி வைத்தால் இது வராது.

பேரிங்கை அடித்துக் கழற்றக் கூடாது. கிராங்கேஸைச் சமையலுக்குப் பயன்படாத பழைய தோசைக்கல்லில் வைத்துச் சூடாக்குங்கள். நீர்த்துளி பட்டதும் சுர்ரென்று ஆவியானால் போதும். துணியால் பிடித்து மரக்கட்டையில் தட்டினால் தானாக விழும். கடலை வறுப்பதுபோலச் சுடுமணலில் புதைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மணலிடமிருந்து காப்பாற்றத்தான் இத்தனை பாடு. 7×19×6 அளவு 607, 15×28×7 அளவு 6902 இரண்டும் இந்த எஞ்சின்களில் அதிகம் வருபவை. ஆனாலும் பழையதை அளந்தே வாங்குங்கள். பேரிங்கின் மேல் சி3 என்று இருப்பது நல்லது. அலுமினியத்தில் இறுகப் பொருந்தும்போது உள் இடைவெளி குறையும், அதற்கு இடம் கொடுக்கும் வகை அது.

புது பேரிங் போட்ட பிறகும் கசிவு நிற்கவில்லை என்று சிலர் வருந்துவார்கள். நிற்காது. இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஷாஃப்ட் ஓடும் துளைதான் அடைக்கிறது. தேய்ந்த பேரிங்கோடு நெடுநாள் ஓட்டினால் ஷாஃப்ட் அந்தத் துளையைத் தொட்டுத் தேய்த்துவிடும், பிறகு புதிய பேரிங்கால் அதைத் திருப்பித் தர முடியாது. கரகரப்பு கேட்ட அன்றே நிறுத்துங்கள்.

அறிகுறி: பெட்ரோல் எஞ்சினில் சூடானதும் தானாக வேகம் ஏறுகிறது

20, 30 சிசி பெட்ரோல் மாடல் எஞ்சின்களில் கதை வேறு. அவற்றின் எரிபொருளில் எண்ணெய் மிகக் குறைவு, அதனால் ஷாஃப்டில் உண்மையான ரப்பர் ஆயில் சீல் இருக்கும். திராட்டிலைத் தொடாமலே வேகம் ஏறினால் சீலின் உதடு கெட்டிப்பட்டு வெளிக்காற்று போகிறது. மருந்து தெளிப்பான், புல்வெட்டி பழுதுபார்க்கும் கடைகளில் அளவுக்கு ஏற்ற சீல் கிடைக்கும். உட்கம்பிச் சுருள் உள்ள பக்கம் கிராங்கேஸை நோக்கி இருக்க வேண்டும். மாட்டும்போது ஷாஃப்டின் மரை உதட்டைக் கிழிக்காமல் இருக்க, வழவழப்பான தாளைச் சுருட்டி மரையின்மேல் போட்டு, அதன்மேல் வழுக்கி ஏற்றுங்கள்.

இந்தச் சீலைப் பார்த்துவிட்டு, குளோ எஞ்சினின் முன்மூக்கிலும் ஒன்று போட்டுவிடலாமே என்று கேட்கிறார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் தோலில் வெட்டிப் போடலாமா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். 10 மில்லிமீட்டர் ஷாஃப்ட் 12,000 சுற்றில் ஓடும்போது அதன் மேற்பரப்பு நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் நகர்கிறது. அதற்கென்று செய்யாத இடத்தில், முன்னால் எண்ணெய் வராமல் அடைத்துவிட்டு, அந்த வேகத்தில் உதட்டை அழுத்தினால் முதலில் உதடு கருகும், பிறகு புஷ்ஷின் முன்முனை வறண்டு பிடிக்கும்.

வேலை முடிந்ததும் அதே அழுத்தக் கருவியை மாட்டி, அதே 200லிருந்து எண்ணுங்கள். ஆறிய நிலையில் ஒருமுறை, ஒரு டேங்க் ஓட்டிய சூட்டோடு ஒருமுறை. சென்ற வாரம் ஒரு மாணவனின் எஞ்சினுக்கு ஆறிய நிலையில் பதிமூன்று, சூட்டில் ஒன்பது நொடி வந்தது. பழைய கணக்கு நான்கும் ஒன்றும். புஷ்ஷைத் தொடவில்லை, பேக்பிளேட்டில் ஒரு திருகு மரை போயிருந்தது. இரண்டு எண்ணையும் தேதியோடு அவன் எஞ்சின் பெட்டியின் மூடிக்குள் எழுதிக் கொடுத்தேன்.